கூடைக் கிணறு

திருவள்ளூர்
22-1-1957

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

சாலிஹா எழுதுவது. உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வார்டனிடம் சொல்லிவிட்டு நீ ஆரம்பாக்கத்துக்குக் கிளம்பியதாகக் குப்பம்மாள்தான் வந்து சொன்னாள். நான் அப்போது தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு ஸ்டேஷன் வரை வந்தேன். பட்டணம் போகும் வண்டி போய்விட்டிருந்தது.

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் முறை. கேட்டுவிட்டேன். ஆனால் அம்மா நடவுக்குப் போய்க்கொண்டிருப்பதாகப் போன வாரம் வந்த கடிதத்தை நீயே எனக்குப் படித்துக் காட்டினாய். தீபாவளி கழிந்ததிலிருந்து ஒரே அறையில் இருந்துவிட்டு, நம்பாததை நம்பியதாக எழுத எனக்கு வரவில்லை.

அந்தக் கிணற்றுப் பாடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அன்று நடந்ததை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். நீ பார்த்தது வேறாக இருந்தால் சொல்.

மிஸ் விக்டோரியா நமக்குக் கொடுத்த பேசாத பாடங்கள் எல்லாமே எனக்குப் பிடித்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு இன்னொருத்தி கையைப் பிடித்து நடந்தது, ஒருத்தியை நோக்கி மெல்லப் போய் ‘போதும்’ என்று உடம்பு சொல்லும் இடத்தில் நின்றது. கிராம சேவிகையாகப் போகிறவள் ஊரார் சொல்வதைக் கேட்டால் மட்டும் போதாது, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பார். அன்று கூடத்தின் நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தார். “இதுதான் கிணறு. உங்க உங்க ஊர்ல காலையில எங்க நிப்பீங்களோ அங்க போய் நில்லுங்க. யாரும் பேசக் கூடாது. யாரும் யாரையும் நகர்த்தக் கூடாது” என்றார்.

குப்பம்மாள் கூடையை ஒட்டிப் போய் நின்று, இல்லாத கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். எங்கள் பழவேற்காட்டு வீட்டில் கிணறு கொல்லையில் இருக்கிறது. நாங்கள் தெருக் கிணற்றுக்குப் போவதே இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஜன்னலோரம் ஒதுங்கினேன். அங்கிருந்துதான் உன்னைப் பார்த்தேன். நீ வாசல் பக்கம், செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றாய். தலை குனிந்திருந்தது. யாராவது வந்து ஊற்றட்டும் என்பதுபோல் இரண்டு கையையும் குவித்து வைத்திருந்தாய்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வந்து உன்னைக் கூடையருகே அழைத்துப் போனேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நீ இல்லை.

எந்த ஊருக்கு எந்த இருவரை வேலைக்குப் போடுவது என்ற பட்டியல் பிப்ரவரி முடிவில் ஆபீசுக்குப் போகிறது. வாப்பா என்னை வேலைக்கு விடச் சம்மதித்ததே உன்னை நம்பித்தான். பயிற்சி முகாமில் சேர வந்த அன்று, பொன்னேரி பஸ்ஸில் என் இடத்தில் உட்கார்ந்துகொண்ட ஆளை எழுப்பச் சொல்லி நீ கண்டக்டரோடு போட்ட சண்டையை அவர் எங்கள் தெரு முழுவதும் சொல்லிவிட்டார். “அந்தப் புள்ள கூட இருந்தா எனக்குக் கவலை இல்ல” என்றார். நீ வராவிட்டால் நான் பழவேற்காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே ஹயாத் பாஷா வீட்டார் நிக்காஹ் பேசக் காத்திருக்கிறார்கள்.

உன் பாயைச் சுருட்டியபடியே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

சாலிஹா


ஆரம்பாக்கம்
30-1-1957

சாலிஹாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ நம்பாதது சரிதான்.

எழுத நேரமில்லை. நானும் நடவுக்குப் போகிறேன். சேற்றில் நின்று விரலெல்லாம் வெடித்திருக்கிறது. எழுத்து கோணலாக இருக்கும்.

நடந்ததை எழுதியிருக்கிறாய். அழைத்துப் போனேன் என்கிறாய். நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். என் வளையல் இரண்டு உடைந்தன. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன், அதனால் உனக்குத் தெரியாது. யாரும் யாரையும் நகர்த்தக் கூடாது என்று மிஸ் சொன்னதையும் நீயே எழுதியிருக்கிறாய்.

உன் வாப்பாவுக்கு என் வணக்கம் சொல். பட்டியலுக்கு என்னை எதிர்பார்க்காதே.

ஞானம்மா


திருவள்ளூர்
4-2-1957

அன்புள்ள ஞானம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடத்துக்குப் போய் செருப்பு விடும் இடத்தில் தேடினேன். பெருக்கி விட்டிருந்தார்கள். மூலையில் ஒரு பச்சைத் துண்டு மட்டும் கிடைத்தது. உன் கையில் காயம் பட்டதா? அதை நீ எழுதவில்லை.

ஆனால் எனக்கும் வருத்தம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். இத்தனை நாள் நாம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது உன் மடியில் தலை வைத்துப் படுத்தேன். அப்படிப்பட்ட நீ, நான் இருக்கும் ஓர் அறையில் அவ்வளவு தூரம் போய் நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? நானே உன்னை அங்கே நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். ஓடி வராமல் சும்மா நின்றிருந்தால் நான் என்ன சிநேகிதி? நகர்த்தக் கூடாது என்ற விதியைவிட நீ எனக்குப் பெரியவளாகத் தெரிந்தாய். அது குற்றமென்றால் குற்றம்தான்.

நேற்று எங்களைக் காக்களூருக்கு அழைத்துப் போனார்கள். ஏரிக்கரை வழியாகத் திரும்பி வரும்போது எல்லாரும் இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நான் பின்னால் வந்தேன். ஏரியில் கூழைக்கடா ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் அது யாரைப்போல இருக்கிறது என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

நூலகத்திலிருந்து இரண்டு நாவல்கள் எடுத்து வந்தேன். படிக்கிறேன், ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. “இன்னா கதை, சொல்லு” என்று நீ கேட்பதற்காகத்தான் இவ்வளவு நாளும் படித்தேனோ என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் எனக்காக மட்டுமே படித்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பழக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பட்டியலுக்காக மட்டும் எழுதவில்லை. அதற்காகவும்தான்.

சாலிஹா


ஆரம்பாக்கம்
13-2-1957

அன்புள்ள சாலிஹா,

கையில் கீறல்தான். ஆறிவிட்டது.

நீ நிறைய எழுதியிருக்கிறாய். எனக்கு அவ்வளவு வராது. வருகிற வரையில் எழுதுகிறேன்.

நான் அன்று நடிக்கவில்லை. அழவும் இல்லை. கூடையைப் பார்த்ததும் எங்கே போவது என்று யோசித்தேன். நம் சிநேகிதத்தை வைத்து உன் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். ஆனால் மிஸ் கேட்டது எங்கள் ஊரை. சிறு வயதில் அம்மாவோடு காலையில் நின்ற இடம் எனக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் இறைத்து முடித்து, மனசு வந்தவள் ஒருத்தி எங்கள் குடத்தில் ஊற்றும் வரைக்கும் நின்ற இடம். அதனால் கால் போன இடத்துக்குப் போனேன்.

குனிந்து நின்றேன் என்கிறாய். உண்மை. அங்கே நின்றதும் கழுத்து தானாகக் குனிந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மிஷன் பள்ளியில் எட்டு வருஷம் படித்து, பரீட்சை எழுதி, பஸ்ஸில் சண்டை போடுகிறவளுக்குக் கழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. சரி, இப்போது நிமிரப் போகிறேன், கூடையைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருத்தி முகத்தையும் பார்க்கப் போகிறேன் என்று மூச்சை இழுத்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நிமிர்ந்திருப்பேன். அவர்கள் என்னைப் பார்த்திருப்பார்கள்.

நீ வந்துவிட்டாய். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள்.

கை தட்டினார்களே, யாருக்கு? எனக்கு இல்லை. அந்தக் கிணற்றில் உனக்கு இடமே கிடையாது என்று நீயே எழுதியிருக்கிறாய். இடமில்லாதவள் எனக்கு இடம் கொடுத்தாய். அதை வாங்கிக்கொண்டு நான் சிரிக்கவும் செய்தேன். எனக்குக் கோபம் அதில்தான், அந்தச் சிரிப்பில்.

நீ கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன்.

பனியில் குதிரை வண்டி மாட்டிக்கொண்ட ஒரு கதை சொன்னாயே, முடிவு சொல்லாமல் விட்டுவிட்டாய். அம்மாவிடம் பாதி சொல்லி மாட்டிக்கொண்டேன். “அப்புறம் இன்னா ஆச்சு, அந்த குதிர பொழச்சுதா இல்லியா” என்று தினமும் கேட்கிறாள். முடிவை எழுது.

ஞானம்மா


திருவள்ளூர்
20-2-1957

அன்புள்ள ஞானம்மா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதி, கிழித்துவிட்டேன். அதில் என் மனசு எவ்வளவு நல்லது என்பதைப் பற்றியே எழுதியிருந்தேன். மறுபடி எழுதினேன், அதில் நான் எவ்வளவு கெட்டவள் என்று எழுதியிருந்தேன். இரண்டிலும் கைதட்டல் எனக்குத்தான். ஆகவே இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மிஸ் விக்டோரியாவிடம் போய், நான் விதியை மீறினேன் என்றேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. அவர் மறுநாள் அதே கூடையைக் கொண்டு வந்து கவிழ்த்து, அதே பாடத்தை இன்னொரு முறை செய்யச் சொன்னார்.

யாராலும் செய்ய முடியவில்லை, ஞானம்மா. குப்பம்மாள் வழக்கம்போல முதலில் போனாள். பாதியில் நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் போனவர்களும் நின்றார்கள். பேசக் கூடாது என்பதையும் மறந்து அவள்தான் வாயைத் திறந்தாள்.

“இன்னா மிஸ் இது, ஒண்ணியும் பிடிபடல. அன்னிக்கு அவ அங்க நின்னா, நாங்க இங்க நின்னோம். இன்னிக்கு அவ இல்ல. இப்ப நாங்க எங்க நிக்கறது?”

யாரோ சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்கடி. எங்க ஊர்ல கெணத்தாண்ட நானு ராணியாட்டம் நிப்பேன். ஊருக்கே தெரியும். தூரமா நிக்கறதுக்கு ஆளு இல்லன்னா நான் ராணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். கூடை தனியாகக் கிடந்தது. மிஸ் அதை எடுத்துக்கொண்டு, “அன்னிக்கு நானும் கை தட்டினேன். எனக்கும் இந்தப் பாடம் புதுசுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தில் அப்படியொரு குழப்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

இது உனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது நடந்தபோது நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னைப் பற்றிய பாடத்தையும் நீ இல்லாமலே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

பட்டியல் எழுதும் மணவாளன் இன்று கேட்டுவிட்டார். “ஒத்தப் பேரா எழுத முடியாதும்மா, ரெண்டா குடு.” குப்பம்மாள் என் பின்னாலேயே நின்றுகொண்டு, “என் பேரப் போட்டுக்கோயேன், நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்” என்கிறாள். புருஷன் போன பிறகு அவளுக்கும் இந்த வேலை வேண்டும். நான் மணவாளன் பக்கமே திரும்பினேன். உனக்காக இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

குதிரை பிழைத்ததா என்பதை எழுத மாட்டேன். வந்து கேட்டுக்கொள். இதுவும் இழுப்பதுதான், தெரியும். ஆனால் எழுத மனசு வரவில்லை. எழுதிவிட்டால் நீ வருவதற்கு ஒரு காரணம் குறைந்துவிடும்.

சாலிஹா


ஆரம்பாக்கம்
27-2-1957

அன்புள்ள சாலிஹா,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிறகு காரணம். நீ கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு யோசிக்கிறவள், அதனால்.

நான் உன்னோடு வரவில்லை. மாதர்பாக்கம் பக்கத்தில் ஒரு சேவிகை மையம் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெண்ணாக இருந்தால் தனியாகவே போடுவார்களாம். மிஸ்ஸுக்கு எழுதிக் கேட்டேன். அவர் ஏற்பாடு செய்துவிட்டார்.

இனிமேல் காரணம்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் எங்கள் தெருப் பெண்களை நிற்க வைத்தேன். கூடையைக் கவிழ்த்தேன். அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். “இன்னாடி இது, தண்ணி இல்லாத கெணத்தாண்ட எங்கள இட்டாந்து நிக்க வெக்கறே?” நான் மிஸ் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பேசக் கூடாது என்றேன். “பேசாம எப்டிடி தண்ணி எடுக்கறது, கெணத்தாண்ட போறதே பேசறதுக்குத்தானே” என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் கூடையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தூரமாக யாருமே போகவில்லை. ஒருத்தி கூடைக்குள்ளேயே காலை விட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. என்னடா இது, மிஸ்ஸின் பாடம் எங்கள் தெருவில் செல்லவில்லையே என்று நினைத்தேன்.

அப்போது நிலத்துக்காரர் வீட்டுக் காரியஸ்தர் வீரராகவன் சைக்கிளில் பாதையோடு போனார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் எல்லார் உடம்பும் ஒரேயடியாக மாறிற்று. தூக்கிச் செருகின புடவையை இறக்கிவிட்டார்கள். பாதை பக்கம் நின்றவர்கள் ஓரடி பின்னால் வைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சைக்கிள் போனதும் திரும்பவும் சிரிப்பு.

நானும் ஓரடி பின்னால் வைத்தேன். என் காலைப் பார்த்தேன், அது பின்னால் இருந்தது.

அதை அவர்களிடம் சொன்னேன். “இப்ப இன்னா பண்ணோம்னு பாத்தீங்களா?” அம்மா, “இன்னா பண்ணோம், ஒண்ணும் பண்ணலியே” என்றாள். அப்புறம் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமாண்டி” என்றாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சாலிஹா, எனக்கு அந்த ஓரடிதான் வேலை. அதைப் பார்க்க வைத்து, ஒரு நாள் வைக்காமல் இருக்கச் செய்ய வேண்டும். உன்னோடு போனால் ஊரார் முதலில் உன்னிடம்தான் பேசுவார்கள். நீ நல்ல மனசோடு என் பக்கம் திரும்பி, “ஞானம்மாவைக் கேளுங்கள்” என்பாய். அப்போதும் நீ சொல்லித்தான் நான் பேசுவேன். உன் மேல் கோபம் இருந்தால் வந்திருப்பேன், சண்டை போடவாவது. கோபம் தீர்ந்துவிட்டது. அதனால்தான் வரவில்லை.

ஆனால் சாயங்காலம் கை கால் கழுவி உட்காரும்போது பக்கத்தில் யாரோ புத்தகத்தைப் புரட்டுவது போல இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். தம்பியின் காகிதக் காற்றாடி.

குப்பம்மாளைச் சேர்த்துக்கொள். அவள் வாய்தான் அப்படி. வாப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சண்டை போட வர முடியாது.

குதிரை செத்துப்போயிற்று என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். அப்புறம் மனசு கேட்காமல் பிழைக்க வைத்துவிட்டேன்.

ஞானம்மா


பழவேற்காடு
11-3-1957

அன்புள்ள ஞானம்மா,

நான் கடிதத்தைப் பாதியில் வைக்கவில்லை. ஒரே மூச்சில் படித்தேன். பிறகு மணவாளனிடம் போய்க் குப்பம்மாள் பெயரை எழுதச் சொன்னேன். எழுதும்போது அவர் பேனா மை கொட்டி உன் பெயர் இருந்த இடம் நீலமாகிவிட்டது. அதற்காக அவரிடம் தேவையில்லாமல் கோபப்பட்டேன்.

பட்டியலில் பெயர் இருந்தாலும் வாப்பா கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக ஊருக்கு வந்தேன். உம்மாவிடம் சொல்லி வாப்பாவிடம் கேட்கச் சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். உம்மா கேட்பதாகச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் ஓடிவிட்டது. நேற்று ஹயாத் பாஷா வீட்டிலிருந்து சேமியாவும் பழமும் வந்தன. தட்டைப் பார்த்ததும் இனி தாமதித்தால் முடிந்தது என்று புரிந்தது.

எங்கள் வீட்டில் முன்கூடம் ஆண்களுடையது. கைலி வாங்க வருகிறவர்களோடு வாப்பா அங்கேதான் உட்கார்ந்திருப்பார். ஆள் இருக்கும்போது நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் நிற்போம். எதுவானாலும் அங்கிருந்தே சொல்வோம். நேற்று வாப்பாவோடு அப்துல் வாஹித் மாமாவும் இருந்தார். நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு திரையைத் தாண்டிப் போய் அவர்கள் முன்னால் நின்றேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே. பேச நினைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

“இன்னாம்மா, உள்ள ஏதாச்சுமா?” என்றார் வாப்பா.

“கையெழுத்து வேணும் வாப்பா. குப்பம்மாள்னு ஒருத்தங்களோட காக்களூருக்குப் போடறாங்க.”

“அந்த சண்டைக்காரப் புள்ள?”

“அது தனியா போகுது வாப்பா. மாதர்பாக்கத்துக்கு.”

“தனியாவா?” என்றார். கொஞ்ச நேரம் உன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்குள் ஒரு பெருமை வந்தது, பொறாமையும் வந்தது. இரண்டையும் உனக்கு எழுத வேண்டும் என்று அங்கே நிற்கும்போதே நினைத்தேன்.

மாமாதான் குறுக்கே பேசினார். “பொட்டப் புள்ளய ஊர் ஊரா வுட்டு பேஜார வெலைக்கு வாங்காதீங்க மச்சான். நல்ல எடம் வந்துக்குது.”

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, “சாலிஹா, உள்ள வா” என்றாள், மெதுவாக. திட்டியிருந்தால் நிற்பது சுலபமாக இருந்திருக்கும். அப்படி மெதுவாகக் கூப்பிட்டபோது முதுகெல்லாம் உள்ளே போகத் துடித்தது. நான் போகவில்லை. கூடம் முழுவதும் புதுக் கைலிகளின் கஞ்சி வாசனை.

“நின்னுக்கினே இருப்பியா?” என்றார் வாப்பா.

“ஆமா வாப்பா.”

அவர் மாமாவைப் பார்த்தார். பிறகு காலுக்குப் பக்கத்தில் கிடந்த கைலிக் கட்டை எடுத்துத் தள்ளி வைத்தார், நான் நிற்கும் இடத்தில் இடைஞ்சலாக இருக்கிறது என்பதுபோல. “ஒரு வருஷம். ஹயாத் பாஷாவாண்ட நான் சொல்லிக்கறேன். அதுக்கு மேல நீ கேக்காத, நான் குடுக்க மாட்டேன்” என்றார். கையெழுத்துப் போட்டார். உம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஏப்ரலில் காக்களூர். குப்பம்மாள் இப்போதே எந்தப் பானையை யார் எடுத்து வருவது என்று கடிதம் போட்டுவிட்டாள். அவளோடு ஒரே தட்டில் சாப்பிடுவேனா என்று தெரியவில்லை. உன் இடத்தில் அவளை வைத்துப் பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை. அவளுக்கென்று ஓர் இடம் தானாக உண்டாகட்டும்.

எனக்கு ஒரு வருஷம்தான் இருக்கிறது. அதில் உன்னைப் பார்க்கும் நாட்கள் மிகக் கொஞ்சம். எல்லாச் சேவிகைகளுக்கும் பொன்னேரியில் கூட்டம் போடுவார்களாம், முதலாவது ஜூனில். மிஸ் விக்டோரியாவும் வருவாராம். உன் ஊர்ப் பெண்கள் அந்த ஓரடியை என்ன செய்தார்கள் என்று நீ எழுந்து சொல்லும்போது கேட்க ஆசையாக இருக்கிறது. நான் குறுக்கே பேச மாட்டேன். கை தட்டவும் மாட்டேன்.

அங்கே என் பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. எங்கே உட்கார வேண்டும் என்பது உன் விருப்பம். நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.

சாலிஹா